ஏன் இந்த மஞ்சள்? வடிவமைப்பு படிப்பவர்கள் தங்கள் வேலையிலிருந்தே கற்றுக்கொள்ள ஒரு வழிகாட்டி

இரண்டாம் ஆண்டில் ஒரு நூலகத்துக்காகச் சுவரொட்டி செய்தேன். நூலகம் இனி இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் என்பதுதான் செய்தி. கருநீலப் பின்னணி, நடுவில் மஞ்சள் வெளிச்சம் வழியும் ஒரு ஜன்னல், அதன் மேல் தலைப்பு. முடித்தபோது எனக்கே பிடித்திருந்தது. விமர்சன வகுப்பில் சுவரில் ஒட்டினேன். ஆசிரியர் சற்று நேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏன் இந்த மஞ்சள்?"

"நன்றாக இருந்தது" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு அடுத்த சுவரொட்டிக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட இரண்டு நாளில் மறந்திருப்பேன். உண்மையில் அந்த மஞ்சளுக்கு முன் நான்கு மஞ்சள்களைப் போட்டுப் பார்த்திருந்தேன். ஒன்று பச்சை கலந்து குளிராக இருந்தது, ஒன்று ஆரஞ்சுக்குப் போய் எச்சரிக்கைப் பலகை போலத் தெரிந்தது. ஆக, காரணம் இருந்தது. அது எனக்கே தெரியாமல் நடந்து முடிந்திருந்தது, அவ்வளவுதான்.

படைப்புத்திறன் என்றும் தொழில்திறன் என்றும் பாடத்திட்டம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. இப்போது இறுதியாண்டில் இருக்கும் எனக்கு அந்தப் பிரிவில் நம்பிக்கை போய்விட்டது. எடுத்த முடிவு எது என்று தெரிந்து, அதற்குக் காரணமும் சொல்லத் தெரிந்தவர் அடுத்த முறை அந்த முடிவை மாற்றிப் பார்க்க முடியும். அவரே கிளையன்ட் முன் உட்கார்ந்து அதை விளக்கவும் முடியும். முதலாவதைப் படைப்பு என்கிறோம், இரண்டாவதைத் தொழில் என்கிறோம். கீழே இருப்பது, அந்த ஒரு பழக்கத்தை ஒரு முழுத் திட்டத்தின் நீளத்துக்கு எப்படிக் கடைப்பிடிப்பது என்பதற்கான படிகள். கையில் இருக்கும் அடுத்த வேலையிலேயே தொடங்கலாம்.

முதல் படி: ஒரு குறிப்பேடு, ஆனால் நாட்குறிப்பு அல்ல

தாளா, கணினியா என்பது உங்கள் விருப்பம். படமும் எழுத்தும் ஒரே பக்கத்தில் வர வேண்டும் என்பதால் நான் கோடு போடாத ஏ5 நோட்டு வைத்திருக்கிறேன். எழுதும் நேரம்தான் முக்கியம். வேலையை மூடிவைப்பதற்கு முந்தைய பத்து நிமிடத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். மறுநாள் காலையில் எழுதலாம் என்று விட்டால் நினைவு தானாகக் கதை கட்டிவிடும். எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்துச் செய்தது போல நமக்கே தோன்றும்.

எதை எழுதுவது? வகுப்பில் அனுபவக் கட்டுரை கேட்டால், "இந்தத் திட்டம் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது, குழுவாக இயங்குவதன் அருமையை உணர்ந்தேன்" என்று எழுதிக் கொடுப்போம். நானும் கொடுத்திருக்கிறேன், மதிப்பெண்ணும் வந்தது. அந்தப் பக்கத்தில் பெயரை மட்டும் மாற்றி வகுப்பில் யார் வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம் என்பதை அப்போது கவனிக்கவில்லை.

குறிப்பேட்டில் எழுத வேண்டியது முடிவுகளை. என்ன முடிவெடுத்தேன், வேறு என்ன வழிகள் இருந்தன, ஏன் இதைத் தேர்ந்தேன், இது சரிதானா என்று எதை வைத்துச் சோதிப்பேன் என்ற நான்கும் இருந்தால் போதும். அதே சுவரொட்டியை இரண்டாம் முறை செய்தபோது எழுதிய பதிவு ஒன்றை அப்படியே தருகிறேன்:

"தலைப்பு இரண்டு வரி: 'இரவு பத்து வரை / படிக்கலாம்'. வரி இடைவெளி மென்பொருள் தானாகக் கொடுத்தது, எழுத்தளவில் 120%. மேல்வரியில் 'வு'வின் வால், கீழ்வரியில் அதற்கு நேர் கீழே இருக்கும் 'க்'கின் புள்ளியில் இடிக்கிறது. தள்ளி நின்று பார்த்தால் புள்ளி காணாமல் போய் 'படிககலாம்' என்று வாசிக்கிறது. வழிகள்: இடைவெளியைக் கூட்டுவது, வேறு எழுத்துரு, வரிகளை மாற்றுவது. 150% வைத்தேன், இடிக்கவில்லை, ஆனால் தலைப்பு இரண்டு தனித்தனிச் செய்தியாகப் பிரிந்து நிற்கிறது. வரிகளைத் தலைகீழாக்கினேன்: 'படிக்கலாம் / இரவு பத்து வரை'. இப்போது மேல்வரியில் கீழே தொங்கும் எழுத்தே இல்லை. 125% போதும். படிக்கவும் இதுவே நன்றாக இருக்கிறது. சோதனை: நாளை அச்செடுத்துத் தாழ்வாரத்தின் மறுமுனையிலிருந்து பார்ப்பது."

எழுத மூன்று நிமிடம் ஆகியிருக்கும். மென்பொருள் தானாகத் தரும் இடைவெளி மேலும் கீழும் நீளும் நம் எழுத்துகளை மனத்தில் வைத்துத் தரப்படுவதில்லை என்பதையும், தமிழில் சொல்வரிசையை மாற்றினாலும் பொருள் பெரும்பாலும் கெடாது என்பது வடிவமைப்பாளருக்கு ஒரு கூடுதல் வசதி என்பதையும் அந்த மூன்று நிமிடத்தில்தான் கற்றுக்கொண்டேன். இதற்கு முன்பும் எத்தனையோ தலைப்புகளில் இடைவெளியை நகர்த்திச் சரிசெய்திருக்கிறேன். எழுதாததால் ஒன்றும் கையில் தங்கவில்லை.

மனநிலையை எழுதக் கூடாதா என்றால், ஒரு வரி எழுதுங்கள். "மூன்று மணி நேரமாக இதையே நோண்டிக்கொண்டிருக்கிறேன், எரிச்சல்" என்ற வரி பின்னால் பயன்படும். அதற்கு மேல் வேண்டாம்.

இந்தப் பழக்கத்துக்குக் கல்வித்துறையில் ஒரு பின்னணி உண்டு. 1983-இல் டொனால்ட் ஷோன் என்ற அமெரிக்க ஆய்வாளர், தொழிலில் தேர்ந்தவர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று ஆராய்ந்து எழுதியபோது, வேலையின் நடுவே சிந்திப்பதையும் வேலை முடிந்தபின் திரும்பிப் பார்ப்பதையும் தனித்தனியாகப் பிரித்தார். அவர் முதன்மையாக எடுத்துக்கொண்ட உதாரணமே ஒரு கட்டடக்கலை வகுப்புதான். சரிவான நிலத்தில் பள்ளிக் கட்டடத்தைப் பொருத்த முடியாமல் திணறும் ஒரு மாணவிக்கு ஆசிரியர் வரைந்துகொண்டே பேசி, பேசிக்கொண்டே வரைந்து வழி காட்டுகிறார். நமக்கு எல்லா நாளும் அப்படி ஒருவர் பக்கத்தில் உட்கார மாட்டார். நோட்டுதான் அந்த ஆள்.

இரண்டாம் படி: பிரீஃபைத் திருப்பி எழுதுதல்

கையில் வரும் பிரீஃபில், அதாவது வேலை தருபவர் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் குறிப்பில், பாதி, யாரும் மறுக்க முடியாத சொற்களாக இருக்கும். "இளைஞர்களைக் கவரும் வகையில் நவீனமாக" என்பதை வைத்துக்கொண்டு ஒரு கோடுகூடப் போட முடியாது. எனவே வரையத் தொடங்கும் முன் அதை ஒரே வாக்கியமாக உங்கள் சொற்களில் எழுதுங்கள். யார் பார்க்கிறார், எங்கே, எவ்வளவு நேரம், பார்த்தபின் என்ன செய்ய வேண்டும் என்ற நான்கும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். எழுத முடியாத இடம் எதுவோ, அதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

நூலகத்தின் பிரீஃப் "வாசிப்புப் பழக்கத்தை ஊக்குவிக்கும் சுவரொட்டி" என்றது. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டு புத்தகம், சிறகு, விளக்கு என்று ஒரு வாரம் சுற்றினேன். வகுப்பில் மாட்டிக்கொண்ட பிறகுதான் உட்கார்ந்து எழுதினேன்: "மாலையில் நூலகத்தைக் கடந்து போகிறவருக்கு, உள்ளே ஆள் இருக்கிறார்கள், விளக்கு எரிகிறது என்பது மூன்று விநாடியில் தெரிய வேண்டும்." மஞ்சளுக்கான காரணம் இந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்தி வெளிச்சத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் எரியும் விளக்காகத் தோன்ற வேண்டிய மஞ்சள் அது. எலுமிச்சை மஞ்சள் அப்படித் தோன்றாது. முதலிலேயே எழுதியிருந்தால் ஒரு வாரம் மிச்சம்.

எழுதிய வாக்கியத்தைப் பிரீஃப் கொடுத்தவரிடம் காட்டி, "இதுதானே?" என்று கேட்டுவிடுங்கள். "இல்லை" என்று பதில் வந்தால் அன்று உங்களுக்கு நல்ல நாள்.

மூன்றாம் படி: கண்ணைப் பழக்குதல்

நல்ல வேலைகளைச் சேமித்து வைக்கும் வழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. என் கணினியிலும் ஆயிரக்கணக்கில் கிடந்தன. சேமிப்பது பார்ப்பது ஆகாது. வாரத்துக்கு ஒன்று எடுத்து, அளந்து, அப்படியே மறுபடி கட்டிப் பாருங்கள். ஓரங்கள் எத்தனை மில்லிமீட்டர், தலைப்புக்கும் உடல் எழுத்துக்கும் (பத்திகளில் வரும் சிறிய எழுத்து) அளவு விகிதம் என்ன, எத்தனை நெடுவரிசை, எந்தப் பொருள் கிரிட்டை (பக்கத்தை ஒழுங்குபடுத்தும் கண்ணுக்குத் தெரியாத கட்டக்கோடுகள்) மீறி நிற்கிறது என்று அளவுகோலை வைத்தே பாருங்கள். "எளிமையாக இருக்கிறது" என்று நாம் வியந்த பக்கத்தில் உடல் எழுத்தைப் போல ஆறு மடங்கு பெரிய தலைப்பும், பாதிக்கு மேல் வெற்றிடமும் இருப்பது அப்போதுதான் தெரியவரும். இது பயிற்சிக்கு மட்டும். பிரதி எடுத்ததைப் போர்ட்ஃபோலியோவில் (வேலை தேடும்போது காட்டும் நம் வேலைகளின் தொகுப்பு) வைப்பது களவு.

நிறத்துக்கு ஜோசப் ஆல்பர்ஸ் மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சி இன்றும் கைகொடுக்கிறது. ஜெர்மனியின் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியரான அவர், பின்னர் அமெரிக்காவில் கற்பித்தபோது நிறத்தாள்களை வெட்டி ஒட்டச் செய்தார். ஒரே நிறத்தின் இரண்டு துண்டுகளை வெவ்வேறு பின்னணிகளில் வைத்து, அவை இரண்டு வேறு நிறங்களாகத் தெரியும்படி செய்ய வேண்டும். கணினியில் ஐந்து நிமிட வேலைதான், ஆனாலும் தாளில் செய்யுங்கள். கையில் இருப்பது ஒரே தாள் என்று தெரிந்தும் கண் நம்ப மறுப்பதை ஒரு முறை அனுபவித்தால், அதன் பிறகு நிறத்தைக் கணினி காட்டும் எண்ணை வைத்து மட்டும் தேர்ந்தெடுக்க மனம் வராது.

நான்காம் படி: முதல் யோசனையைத் தாண்டுவது

தாளை இருபது கட்டமாக மடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு ஸ்கெட்ச். தீப்பெட்டி அளவு போதும், அழகு வேண்டாம். நாற்பது நிமிடத்தில் முடியுங்கள். முதல் ஆறேழு எல்லோருக்கும் தோன்றுவதாகவே இருக்கும். நூலகம் என்றால் திறந்த புத்தகம், புத்தகத்திலிருந்து பறக்கும் பறவை. பத்துக்குப் பிறகு சரக்கு தீர்ந்து எரிச்சல் வரும். அங்கேதான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். என் நோட்டுகளைப் புரட்டினால், கடைசியில் தேர்வானவை பெரும்பாலும் பதினொன்றுக்கும் பதினாறுக்கும் இடையே இருக்கின்றன. உங்களுக்கு அது வேறு இடமாக இருக்கலாம். எண் போட்டு வைத்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

எண்ணிக்கைக்கு ஜேம்ஸ் டைசனைத்தான் எல்லோரும் சுட்டுவார்கள். பையில்லாத தூசி உறிஞ்சும் கருவிக்காக 5,127 மாதிரிகள் செய்தவர். கேட்க மலைப்பாக இருக்கும். எனக்கு ஹாரி பெக்கின் கதை இன்னும் நெருக்கமானது. லண்டன் சுரங்க ரயில் நிறுவனத்துக்காகப் பொறியியல் வரைபடங்கள் வரைந்துகொண்டிருந்தவர் அவர். தூரங்களை அப்படியே காட்டாமல், கிடைக்கோடு, நிலைக்கோடு, 45 பாகைச் சாய்கோடு ஆகியவற்றால் மட்டும் பாதைகளைக் காட்டும் படத்தை 1931-இல் வரைந்து கொடுத்தார். நிராகரித்துவிட்டார்கள். அவர் விடவில்லை. 1933-இல் அது சட்டைப்பைப் படமாக அச்சாகி மக்கள் கைக்கு வந்தது. பயணிக்கு வேண்டியது நிலத்தின் தூரம் அல்ல, எங்கே ஏறி எங்கே மாறுவது என்பதுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டதால்தான் நிராகரிப்புக்குப் பிறகும் படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக முடிந்தது என்று நினைக்கிறேன்.

படம் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்ட பிறகு இருபது ஸ்கெட்ச் எதற்கு என்று கேட்கிறார்கள். இருபது விநாடியில் இருபது படம் வரும்தான். அவற்றில் நீங்கள் எடுத்த முடிவு எத்தனை என்று நோட்டில் எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தபோது எனக்கு ஒன்றுதான் தேறியது, எதைத் தேர்ந்தேன் என்பது மட்டும்.

ஐந்தாம் படி: விமர்சனத்தை வாங்கும் முறை

இந்தப் படியில்தான் அதிகம் அடிபட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

விமர்சனத்துக்கு வேலையைக் கொண்டுபோகும்போது, "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். அதற்கு "நன்றாக இருக்கிறது" என்ற பதில் தயாராக இருக்கும். "தூரத்திலிருந்து முதலில் எது கண்ணில் படுகிறது?", "நேரத்தைத் தேடினீர்களா, உடனே கிடைத்ததா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். மற்றவர்கள் பேசும்போது வாயை மூடிக்கொண்டு எழுதுங்கள். விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும். சுவரொட்டி ஒட்டப்படும் இடத்தில் விளக்கம் சொல்ல நீங்கள் பக்கத்தில் நிற்கப் போவதில்லை.

சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். நண்பர் ஒருவர் என் வேலையைப் பார்த்து, "ஜன்னல் கொஞ்சம் தனிமையாக இருக்கிறது" என்றார். நான் நோட்டில் "ஜன்னல் சிறியது" என்று எழுதிவைத்துவிட்டு, ஜன்னலைப் பெரிதாக்கினேன். சரியாகவில்லை. ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கேட்டபோதுதான் புரிந்தது. ஜன்னலுக்குள் யாரும் இல்லை, அதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். குனிந்து படிக்கும் ஒரு தலையின் நிழலை வைத்ததும் சுவரொட்டிக்கு உயிர் வந்தது. பார்ப்பவர் சொல்வது நோயின் அறிகுறி. நோய் எது என்று கண்டுபிடிப்பது நம் வேலை. அறிகுறியையே திரித்து எழுதினால் மருந்தும் தப்பாகத்தான் போகும்.

அன்று மாலையே அந்தப் பட்டியலை வகை பிரியுங்கள். சில கருத்துகள் வேலை தன் நோக்கத்தில் தவறுகிறது என்று சொல்பவை, அவற்றை ஏற்றே ஆக வேண்டும். சில வெறும் ரசனை. "எனக்கு நீலம் பிடிக்காது" என்பதற்காக யாரும் நீலத்தை மாற்ற வேண்டியதில்லை. சில, பிரீஃபைத் தவறாகப் புரிந்துகொண்டு சொன்னவை. இந்தக் கடைசி வகையை ஒதுக்கித் தள்ள அவசரப்படாதீர்கள். மூன்று பேர் ஒரே மாதிரித் தவறாகப் புரிந்துகொண்டால் தவறு அவர்களுடையது அல்ல.

ஏற்காத கருத்துக்கும் பக்கத்தில் காரணத்தை ஒரு வரி எழுதுங்கள். காரணம் வரவில்லை, கோபம்தான் வருகிறது என்றால் இரண்டு நாள் ஆறப்போட்டு மறுபடி படியுங்கள். என் நோட்டில் "இவருக்கு எப்போதும் இப்படித்தான்" என்று எழுதி அடிக்கோடும் இட்ட ஒரு கருத்தை, மூன்று நாள் கழித்து வாயைத் திறக்காமல் செயல்படுத்தியிருக்கிறேன்.

மற்றவர் வேலையை விமர்சிப்பதும் பயிற்சிதான். "தலைப்பு பலவீனம்" என்று சொல்லாமல், "தலைப்பும் படமும் ஒரே அளவில் இருப்பதால் எதை முதலில் பார்ப்பது என்று தெரியவில்லை" என்று சொல்லிப் பழகுங்கள். பிறர் வேலையில் காரணத்தைக் கண்டுபிடிக்கப் பழகிய கண் நம் வேலையிலும் மெல்லக் கண்டுபிடிக்கத் தொடங்கும்.

ஆறாம் படி: தெரியாதவரிடம் காட்டுதல்

வகுப்புத் தோழர்களுக்கு நம் மொழி தெரியும். வடிவமைப்பு பற்றி ஒன்றும் தெரியாத ஐந்து பேரிடம் காட்டுங்கள். இணையதளம், செயலி போன்றவற்றில் ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை பற்றி ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரே தடவையில் பதினைந்து பேரிடம் போவதைவிட, ஐந்து பேரிடம் காட்டி, திருத்தி, மறுபடி ஐந்து பேரிடம் காட்டுவது நல்லது என்பதுதான் அவர் வாதத்தின் சாரம்.

சுவரொட்டிக்கு ஐந்து விநாடி காட்டிவிட்டு மறைத்து, "என்ன சொல்லியது?" என்று கேளுங்கள். செயலிக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். அவர் தடுமாறும்போது உதவத் தோன்றும். அந்த இடத்தில் உதவினால் சோதனை வீண்.

ஏழாம் படி: கோப்பு என்பதும் வேலைதான்

முதல் முறை அச்சுக்குக் கொடுத்த வேலை, ஓரத்தில் மயிரிழை போன்ற வெள்ளைக் கோட்டோடு திரும்பி வந்தது. பின்னணியைத் தாளின் விளிம்பு வரைக்கும்தான் நீட்டியிருந்தேன். வெட்டும் கத்தி அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் வெள்ளை எட்டிப்பார்க்கும். அதனால்தான் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீட்டித் தருகிறார்கள். அதே அச்சில் சிறிய கறுப்பு எழுத்துகள் மங்கலாக இருந்தன. அச்சில் பயன்படும் நான்கு மைகளையும் (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) கலந்த கறுப்பை உடல் எழுத்துக்கு வைத்திருந்தேன். நான்கு மைகளும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்தான் எழுத்து கூர்மையாக வரும். சிறிய எழுத்துக்கு வெறும் கறுப்பு மை ஒன்றே சரி. திரையில் ஜொலித்த மஞ்சளும் அச்சில் சற்று அடங்கிப்போனது. திரையின் ஆர்ஜிபியில் (சிவப்பு, பச்சை, நீல ஒளி) தெரியும் எல்லா நிறங்களையும் சிஎம்ஒய்கே எனப்படும் அந்த நான்கு மைகளால் கொண்டுவர முடியாது. அதைக் கடைசி நாளில் தெரிந்துகொள்ளக் கூடாது.

இந்த மூன்றையும் வகுப்பில் முன்பே கேட்டிருந்தேன். என் தவறுகளாக நோட்டில் பதிந்த பிறகுதான் கையில் ஏறியது. அதிலிருந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வளர்ந்துகொண்டிருக்கிறது. கையில் பிடித்துப் பார்க்கும் அச்சுக்குப் படங்கள் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருக்கின்றனவா. திரைக்கு என்றால் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாடு 4.5:1-க்குக் குறையாமல் இருக்கிறதா, பெரிய எழுத்துக்கு 3:1 இருக்கிறதா. எழுத்துருவின் உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கிறதா. இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருக்களில் பல, சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்தான். தமிழ் வேலைக்கு இன்னும் ஒன்று உண்டு. பக்க வடிவமைப்பு மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பு தேர்வாகவில்லை என்றால் 'கொ' சிதறி, கொம்பு இடம் மாறி நிற்கும். தமிழ் தெரியாத அச்சகத்தில் அதைக் கவனிக்க ஆளிருக்காது. பிடிஎஃப் ஆக்கிய பிறகு ஒவ்வொரு சொல்லையும் படியுங்கள்.

கோப்புப் பெயர் பற்றி ஒரு வார்த்தை. 'இறுதி', 'இறுதி-புதியது', 'உண்மையான இறுதி' என்று வைக்காதீர்கள். தேதியும் பதிப்பு எண்ணும் போதும். குழு வேலையில் இந்த ஒன்றுக்காகவே உங்களைத் தேடி வருவார்கள்.

எட்டாம் படி: நேரமும் பேச்சும்

ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கும் முன் எத்தனை மணி நேரம் ஆகும் என்று எழுதுங்கள். முடிந்தபின் ஆனதை எழுதுங்கள். நூலகச் சுவரொட்டிக்கு நான் போட்ட கணக்கு ஆறு மணி நேரம், ஆனது பதினான்கு. எங்கே போயிற்று என்று பார்த்தால், எழுத்துரு தேடுவதில் மட்டும் மூன்றரை மணி. இப்போது எழுத்துருவுக்கு ஒரு மணி நேரம்தான், அலாரம் வைத்துவிட்டு உட்காருகிறேன். ஏழெட்டு வேலைகளுக்குப் பிறகு உங்கள் கணக்கு எத்தனை மடங்கு பிசகுகிறது என்று தெரிந்துவிடும். கட்டணம் சொல்ல வேண்டிய நாள் வரும்போது இந்த எண் இல்லாமல் சொல்வது குருட்டு ஆட்டம்.

வெளிவேலை எடுத்தால் தொடங்கும் முன்பே எழுத்தில் சில விஷயங்கள் இருக்கட்டும்: என்ன தருவீர்கள், எத்தனை முறை திருத்துவீர்கள், எப்போது, எந்த வடிவத்தில், பணம் எந்தெந்தக் கட்டத்தில். தெரிந்தவர்தானே என்று இதைத் தவிர்க்கிறோம். தெரிந்தவரிடம்தான் இது இன்னும் தேவை. எழுதாமல் எடுத்த ஒரு சின்ன வேலையில் பதினோரு முறை திருத்தினேன். கடைசியில் அவர் முதல் பதிப்பையே எடுத்துக்கொண்டார். வேலையில் தாமதம் வரும்போலத் தெரிந்தால், கெடு நாளில் சொல்லாதீர்கள். தெரிந்த அன்றே, புதிய தேதியோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

வேலையைக் காட்டும்போது "இங்கே வட்டம் வைத்திருக்கிறேன்" என்று கண்ணுக்குத் தெரிவதையே விவரிக்காதீர்கள். பிரீஃபைத் திருப்பி எழுதிய வாக்கியத்தில் தொடங்கி, அதற்காக எடுத்த மூன்று முக்கிய முடிவுகளைச் சொல்லுங்கள். நோட்டில் அவை ஏற்கெனவே இருக்கின்றன.

ஒன்பதாம் படி: மாதம் ஒரு முறை உட்கார்ந்து படிப்பது

எழுதிய நோட்டைப் படிக்காவிட்டால் பாதிப் பயன்தான். கல்வியாளர் கிரகாம் கிப்ஸ், அனுபவத்தைத் திரும்பிப் பார்ப்பதற்கு 1988-இல் வகுத்த ஆறு கட்டச் சுழற்சி பல கல்லூரிகளில் வழக்கத்தில் இருக்கிறது. நடந்ததை விவரித்து, அப்போதைய உணர்வைச் சொல்லி, நல்லது கெட்டதை மதிப்பிட்டு, ஏன் என்று ஆராய்ந்து, முடிவுக்கு வந்து, அடுத்து என்ன செய்வது என்று திட்டமிடுவது. தொடங்குகிறவருக்கு நல்ல ஏணி. எனக்கு முதல் இரண்டு படியிலேயே பக்கம் தீர்ந்துவிடும். அதனால் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போகிறேன். அடுத்த வேலையில் மாற்றப்போவது ஒன்று, ஒன்றே ஒன்று, அதை முதலில் எழுதுகிறேன். பிறகு அதற்கான ஆதாரத்தை நோட்டில் தேடுகிறேன். ஆதாரம் கிடைக்காவிட்டால் அது வெறும் சபதம், அடித்துவிடுகிறேன்.

நிறப் பென்சிலால் குறியுங்கள். ஒரே சிக்கல் மூன்று வேலைகளில் திரும்பினால் அது தற்செயல் அல்ல. ஆறு மாத நோட்டைப் படித்தபோது, நான் எல்லா வேலையிலும் நடுவில் ஒரு பெரிய படத்தை வைத்துவிட்டு மிச்சத்தை ஓரத்தில் அடுக்குகிறேன் என்று தெரிந்தது. அது என் பாணி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயம்தான் என்பதைப் பதிவுகளே சொல்லின. ஒவ்வொன்றிலும் வேறு வழிகள் என்ற இடம் காலியாக இருந்தது. அடுத்த இரண்டு வேலைகளைப் படமே இல்லாமல், எழுத்தை மட்டும் வைத்துச் செய்தேன். ஒன்று படுமோசம். இன்னொன்று பரவாயில்லை.

பத்தாம் படி: போர்ட்ஃபோலியோ

இதற்குத் தனியாகக் கஷ்டப்பட வேண்டியதில்லை. ஐந்தாறு வேலைகள் போதும். ஒவ்வொன்றுக்கும் சிக்கல் ஒரு வாக்கியம், வழியில் கைவிட்ட ஒன்றிரண்டு ஸ்கெட்ச், மாற்றிய இடமும் காரணமும், இறுதி வடிவம். எல்லாம் நோட்டிலேயே இருக்கும், புகைப்படம் எடுத்தால் ஆயிற்று. குழு வேலையில் உங்கள் பங்கு எது என்று தெளிவாக எழுதுங்கள். மற்றவர்கள் செய்ததையும் சொல்லுங்கள். நேர்முகத்தில் ஒரு கேள்வி கேட்டாலே உண்மை வெளிவந்துவிடும் விஷயம் இது. பலவீனமான வேலையை எண்ணிக்கைக்காகச் சேர்க்காதீர்கள். பார்ப்பவர் நினைவில் நிற்பது பெரும்பாலும் அதுதான்.

பயிற்சிப் பணிக்கான நேர்முகத்துக்குப் போனபோது நூலகச் சுவரொட்டியின் இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். எதிரே இருந்தவர் இரண்டாவதை அதிகம் பார்க்கவில்லை. இருபது கட்டம் வரைந்த தாளின் படத்தைப் பெரிதாக்கிக் கேட்டார்: "இந்த பதினான்காவதை ஏன் விட்டுவிட்டீர்கள்?" நான் நோட்டைத் திறந்தேன். "ஜன்னல் இல்லாமல் வெறும் கதவு. திறந்திருப்பது தெரிகிறது, ஆனால் உள்ளே போகலாமா என்று தெரியவில்லை" என்று எழுதியிருந்தது. அவர் அந்தப் பக்கத்தைத் தன் பக்கமாகத் திருப்பி, இன்னும் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தார். பேச்சில் பாதி நேரம் அந்தக் கதவைப் பற்றியே போனது.